மேனேஜர் கன்னியாகுமரிக்குப் புறப்பட்ட விதம்

டிசம்பர் முதல் வாரம் முழுக்க எங்கள் ஒர்க்ஸ் மேனேஜருக்கு ஒரே கவலைதான். கன்னியாகுமரிக்குக் காரில் போவதா, பிளேனில் போவதா. அதே வாரம் உருக்கு உலை பொங்கி இரண்டு பேருக்குக் கால் வெந்தது. அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினார். பயணத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம் போனது.

அவர் பெயர் சௌந்தரராஜன், தஞ்சாவூர்ப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் இரும்பு வார்ப்படம் செய்கிற கம்பெனி எங்களுடையது. தலைமை அலுவலகம் பெங்களூரில். நான் அவருடைய டைப்பிஸ்ட். முனிலட்சுமி என்ற என் பெயரில் முனி பட்டிக்காடாக இருக்கிறது என்று முதல் நாளே அதை வெட்டிவிட்டு லட்சுமி என்று கூப்பிட ஆரம்பித்தார். சம்பளத்தை வெட்டாமல் கொடுத்ததால் சும்மா இருந்தேன்.

கெலமங்கலத்துக்குப் பக்கத்துக் காலனி எங்களுடையது. அப்பா ராமப்பன் அடுத்தவன் கொல்லையில் ராகி அறுத்தே முதுகு வளைந்துபோனவர். நான் தர்மபுரியில் சர்க்கார் ஹாஸ்டலில் தங்கி பி.காம். முடித்தேன். எங்கள் தெருவில் டிகிரி என்ற சொல்லே என்னோடுதான் வந்தது. வீட்டில் பேசுவது கன்னடம், சந்தையில் தெலுங்கு, படித்தது தமிழ். எங்கள் பக்கத்தில் இது ஒரு சங்கதியே இல்லை. மழை பெய்தால் குடை பிடிப்பதுபோல, எதிரே நிற்கிறவன் எதில் பேசுகிறானோ அதில் பேசுவோம்.

என் தம்பி திம்மராயனை கம்பெனியில் டிரைவராகச் சேர்த்துவிட்டதும் நான்தான். இரண்டு வருடமாக டெம்பரரி. ஜனவரியில் நிரந்தரம் ஆக்குவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். ஜனவரி வரை அவர் கையைக் காட்டுகிற பக்கமெல்லாம் வண்டி போகவேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

காருக்கு ஒரு பக்கம், பிளேனுக்கு ஒரு பக்கம் என்று கோடு போட்டு ஒரு தாள் டைப் செய்யச் சொன்னார். எத்தனை மணி நேரம், எங்கே சாப்பாடு, எங்கே தங்கல், யாருக்கு என்ன சிரமம். மேடத்துக்கு, அதாவது அவர் சம்சாரத்துக்கு, தொப்பூர் கணவாய் வளைவில் வாந்தி வரும் என்பதையும் ஒரு வரியாகச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். அதோடு நான் ஒரு வேலை செய்தேன். கார்ப் பயணத்தைப் பதினான்கு மணி நேரம் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். நான் பதினெட்டு என்று அடித்தேன்.

காரணம் இருக்கிறது. போன வருடம் இவர்களைத் திருப்பதிக்கு ஓட்டிக்கொண்டு போன திம்மு ஆறு ராத்திரி லாட்ஜ் வாசலில் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்து, நுரையீரலில் சளியோடு திரும்பினான். இந்தத் தடவை பத்து நாள். பிளேன் என்றால் அவனுக்கு வேலை ஏர்போர்ட் வரைதான். அன்றைக்கே வீட்டுக்கு வந்து களி தின்னலாம்.

தாளைப் பார்த்தார். பதினெட்டு மணி நேரமா என்று கேட்டார். ரோடு சரியில்லைங் சார், கிருஷ்ணகிரிப் பக்கமெல்லாம் ஒரே பள்ளம் என்றேன். அடுத்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் பெங்களூரிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து டாக்சி என்று முடிவாயிற்று. டிக்கெட்டும் வந்தது.

அந்த வாரம்தான் காவிரித் தீர்ப்பு கெஜட்டில் வந்தது. அது தொண்ணூற்றொன்றாம் வருடம். வியாழக்கிழமை பெங்களூர் எரிய ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை காலையில் அங்கே அடிபட்ட தமிழர்கள் ஓசூருக்குள் லாரி லாரியாக வந்து இறங்கினார்கள். தலையில் கட்டு, இடுப்பில் குழந்தை, கையில் ஒற்றைச் செருப்பு. பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம் எல்லாம் நிரம்பின. பஸ் நின்றது. கம்பெனியில் பாதிப் பேர் வரவில்லை.

நான் மேனேஜர் அறைக்குப் போய், காரிலேயே போங்கள் சார், தெற்கே ஒரு பிரச்சினையும் இல்லை, கிருஷ்ணகிரி, சேலம் என்று நிம்மதியாகப் போகலாம் என்றேன். அவர் அந்தத் தாளை எடுத்து என் முன்னால் போட்டார். பதினெட்டு மணி நேரம் மேடத்தால் உட்கார முடியாது என்றார். சார், அது தப்பு, பதினாலுதான், நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் ஏன் அடித்தாய் என்று கேட்பார். திம்முவின் ஜனவரி போய்விடும். வாயை மூடிக்கொண்டேன். இதை நான் யாரிடமும் மறைத்துப் பேசுவதில்லை.

அவர் ஒரு திட்டம் வைத்திருந்தார். அவருடைய சொந்த ஃபியட் தமிழ்நாட்டு நம்பர். அதை எடுக்கவேண்டாம். தலைமை அலுவலகத்து அம்பாசடர் கர்நாடகா நம்பர், அதில் போகலாம். டிரைவர் திம்முவுக்குக் கன்னடம் தெரியும். முன் சீட்டில் நீயும் வா என்றார். பொம்பளை பேசினால் வழியில் விட்டுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு.

"நீங்க ரெண்டு பேரும் அந்த ஆளுங்கதானே. உங்களை யார் தொடப்போறா?" என்றார்.

எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதுதான் கேவலம். வாயில் கன்னடம் இருக்கிறவரை எல்லையில் அத்திப்பள்ளி தாண்டி யாரும் எங்களைத் தொடமாட்டார்கள் என்று நானும் நம்பினேன், திம்முவும் நம்பினான். ராத்திரி அப்பா மட்டும் போகவேண்டாம் என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தோம்.

சனிக்கிழமை காலை மேனேஜர் பங்களாவில் ஒரு மணி நேரம் ஒத்திகை நடந்தது. மேடம் தலையில் வைத்திருந்த கனகாம்பரத்தை எடுத்துவிட்டார். காரில் கிடந்த தமிழ் வாரப்பத்திரிகைகளை மேனேஜரே பொறுக்கிக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். கேட் தாண்டியதும் வண்டிக்குள் தமிழில் ஒரு வார்த்தை வரக்கூடாது என்று உத்தரவு. யாராவது நிறுத்திக் கேட்டால் நாங்கள் மைசூர்க்காரர்கள் என்று சொல்லவேண்டும். "நாவு மைசூரினவரு." அதை நான் அவர்கள் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தேன். மேனேஜர் வாயில் அது வரவே இல்லை. கோயிலில் மந்திரம் சொல்வதுபோல இழுத்தார். திம்மு கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டு சிரித்தான்.

"அக்கா, இவரு வாயைத் தொறந்தா அங்கயே நம்மளக் கொளுத்திருவாங்க. இவரு ஊமைன்னு சொல்லிரு" என்று என் காதில் சொன்னான்.

பங்களாவிலிருந்து எல்லைக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. மூக்கண்டப்பள்ளி தாண்டும்வரை நான் திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நாவு மைசூரினவரு, நாவு மைசூரினவரு. பின் சீட்டில் இரண்டு பேரும் கூடவே சொன்னார்கள். பயம் முழுக்க எல்லைக்கு அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் எங்கள் ஊர். இந்தப் பக்கத்தைப் பற்றி நாலு பேரில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம், ஜூஜூவாடிக்கு முன்னால் ரோட்டில் டயர் எரிந்தது. ஐம்பது அறுபது பேர் இருப்பார்கள். கையில் கம்பி, பைப்பு, சவுக்குக் கட்டை. திம்மு வண்டியை மெதுவாக்கினான். ஒருவன் வந்து பானெட்டில் கட்டையால் ஓங்கி அடித்தான். குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தான். என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து முகத்தை உள்ளே நீட்டினான். தலையில் கட்டு, கட்டில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

என் வாய் தானாகத் திறந்தது.

"நாவு மைசூரினவரு."

சொல்லி முடிக்கிறபோதே தெரிந்துவிட்டது. அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. தேடி அலைந்த பொருள் கிடைத்தவனுடைய நிம்மதி.

"ஏலே, மைசூராம்லே" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். தெற்கத்திப் பேச்சு. பெங்களூரில் பிழைக்கப்போய் வீடு எரிந்து வந்தவன் என்று அப்புறம் கேள்விப்பட்டேன். அவன் வீட்டை எரித்தவன் யாரோ, அவன் கைக்குக் கிடைத்தது நாங்கள்.

கதவைத் திறந்து என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். அந்தப் பக்கம் திம்முவை இழுத்தார்கள். அவன் வலது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, தமிழ்ல பேசுக்கா" என்று கத்தினான். நான் தமிழில் பேசினேன். நாங்க கெலமங்கலம் அண்ணா, தமிழ்நாடுதான் அண்ணா, தமிழ்லதான் படிச்சேன், பத்தாவதுல தமிழ்ல தொண்ணூத்திரண்டு மார்க்கு என்றேன். மார்க்குச் சொல்றா பாருடா என்று ஒருவன் சிரித்தான். அப்பன் பேர் என்ன என்று ஒருவன் கேட்டான். ராமப்பன் என்றேன். இவன் பேர்? திம்மராயன். அதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு அப்பன் என்றுதான் பேர் முடியும் என்று வெளி ஜில்லாவிலிருந்து வந்து நிற்கிறவனுக்கு எப்படிப் புரியவைப்பது?

அப்போது பின் ஜன்னல் கண்ணாடி இறங்கியது. எங்கள் மேனேஜர் தெளிவான தமிழில் பேசினார். அவர் அவ்வளவு மரியாதையாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை.

"ஐயா, நான் தஞ்சாவூர். இவ என் சம்சாரம். இது கம்பெனி வண்டி. முன்னால இருக்கிற ரெண்டு பேரும்தான் கன்னடம். எங்களை விட்டுடுங்க."

இறங்குங்க சார் என்றார்கள். மேடம் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். ஒருவன் டிக்கியைத் திறந்து சூட்கேஸை எடுத்துக்கொடுத்தான். ஊர்ப் பக்கம் திரும்பி நின்ற ஒரு மெட்டடோர் வேனில் இரண்டு பேரையும் ஏற்றி அனுப்பினார்கள். மேனேஜர் கைகூப்பினார். அதை நான் பார்த்தேன். என்னைத் தரையில் முழங்காலிட வைத்து முடியைப் பிடித்திருந்ததால் எனக்கு அந்தப் பக்கம்தான் பார்க்க முடிந்தது.

பிறகு திம்முவின் கை. கதவு நிலையை அவன் விடவில்லை. ஒருவன் கதவைச் சாத்தினான். அம்பாசடர் கதவு, கெட்டி இரும்பு. திம்மு போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. கதவைத் திறந்து மறுபடியும் சாத்தினான். மூன்றாவது தடவை சாத்தும்போது கை தானாகவே விட்டுவிட்டது. கீழே விழுந்தவனைப் பைப்பால் தலையில் அடித்தார்கள். என் முடியைப் பிடித்திருந்தவன் கையை நான் கடித்தேன். எலும்பு தட்டும்வரை பல்லை இறக்கினேன். அவன் என் வாயில் முழங்காலால் உதைத்தான். முன்பல் ஒன்று போனது. எழுந்து ஓடிப்போய் திம்முமேல் கவிழ்ந்து படுத்தேன். முதுகில் விழுந்த அடிகளை எண்ணவில்லை. பக்கத்தில் வண்டியைத் தலைகீழாகப் புரட்டினார்கள். பெட்ரோல் வாசனை வந்தது.

போலீஸ் வேன் வந்ததும் கூட்டம் சிதறியது. ஓட முடியாத நாங்கள் மட்டும் அங்கே கிடந்தோம். அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்று லத்திக்குத் தெரியாது. எங்களுக்கும் இரண்டு விழுந்தது. அப்புறம்தான் ரத்தத்தைப் பார்த்துத் தூக்கிப்போட்டுக்கொண்டு வந்து ஓசூர் ஆஸ்பத்திரியில் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நடக்க இடமில்லை. பெங்களூரிலிருந்து வந்தவர்கள் வராந்தா முழுக்கப் படுத்திருந்தார்கள். டாக்டர் ஒரு பொம்பளை. மூன்று நாளாகத் தூங்காத கண். தலையைத் தைத்தார். கையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, இங்கே ஒன்றும் பண்ண முடியாது என்றார். தலைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். கையும் கறுத்துக்கொண்டு வருகிறது. ராத்திரிக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் ஆள் தங்கமாட்டான். வழக்கமாக என்றால் பெங்களூருக்கு அனுப்புவோம், இன்றைக்கு அங்கே அனுப்புவது கொல்வதற்குச் சமம், சேலத்துக்குக் கொண்டுபோ என்றார். ஆம்புலன்ஸ் இரண்டும் வெளியே போயிருந்தன. டாக்சி ஸ்டாண்டில் ஒருவனும் ரத்தக் கேஸை ஏற்ற ஒப்பவில்லை.

எனக்கு ஃபியட் ஞாபகம் வந்தது. ஆட்டோவில் பங்களாவுக்குப் போனேன்.

போய்ப் பார்த்தால் ஃபியட்டின் டிக்கி திறந்திருந்தது. மேனேஜர் டிக்கியைக் காலிசெய்து சூட்கேஸை வைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெப்னியும் ஜாக்கியும் தரையில் கிடந்தன. பிளேன் போய்விட்டது, ஆகையால் காரில் கிளம்புகிறார். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், மதுரை. அவரே ஓட்டுவதாக முடிவு. என்னைப் பார்த்ததும் பேயைப் பார்த்ததுபோல நின்றார். நான் செத்துப்போயிருப்பேன் என்று கணக்கு வைத்திருந்தார்போல.

நான் சண்டைக்குப் போகவில்லை. முதலில் கும்பிட்டேன். வாயில் ரத்தத்தோடு கும்பிட்டேன். சேலம் உங்கள் வழியில்தான் சார் இருக்கிறது, பின் சீட்டில் படுக்கவைத்துக்கொள்கிறேன், ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் என்றேன். மேடத்துக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது என்றார். போலீஸ் கேஸ் ஆகும் என்றார். அப்பாவை கம்பெனிக்கு வரச்சொல், உதவி பண்ணச் சொல்கிறேன் என்றார். ஏன் சார் அப்படிச் சொன்னீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன்.

"நான் சொல்லலேன்னா நாலு பேரும் போயிருப்போம். ரெண்டு பேராவது பிழைச்சோமேன்னு நினைச்சுப் பாரு, லட்சுமி. படிச்ச பொண்ணு நீ."

ஜாக்கி லீவர் என் காலடியில் கிடந்தது. எடுத்தேன். முதல் அடி தோளில் விழுந்தது. எலும்பில் பட்ட சத்தம் கேட்டது. அவர் டிக்கிமேல் சாய்ந்தார். இரண்டாவது அடி முழங்காலுக்கு மேலே. அவர் கத்தினார். அந்தச் சத்தம் எனக்குப் போதவில்லை. திம்முவின் சத்தத்தில் பாதிகூட இல்லை அது. மூன்றாவதுக்கு ஓங்கினேன். தலைக்குத்தான் ஓங்கினேன். பொய் சொல்லி எனக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

அதுவரை முன் சீட்டில் கல் மாதிரி உட்கார்ந்திருந்த மேடம் இறங்கிவந்து பின் கதவைத் திறந்தார். புருஷனைத் தொடவும் இல்லை, என்னைத் தடுக்கவும் இல்லை.

"கூட்டிண்டு வா உன் தம்பியை. இன்னும் ஒரு அடி விழுந்தா இவரால கிளட்ச்சை மிதிக்க முடியாது. அப்புறம் யார் ஓட்டுவா?" என்றார்.

மேனேஜர் நொண்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் ஏறினார். லீவரைக் கீழே போடாமல் அவர் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் திம்முவைத் தூக்கி வந்து பின் சீட்டில் கிடத்தினேன். மேடம் அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

சூளகிரி, குருபரப்பள்ளி எல்லாம் போனது. ரோட்டில் பள்ளமே இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பதினெட்டு மணி நேரம் என்று அடித்த என் விரல்களை நான் பார்த்துக்கொண்டு வந்தேன். உண்மையை அடித்திருந்தால் காலையிலேயே இதே ரோட்டில் திம்மு முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போயிருப்பான். லாட்ஜ் வாசலில் பனியில் படுத்திருப்பான். இருமிக்கொண்டு உயிரோடு திரும்பியிருப்பான். மேனேஜரை அடித்த லீவரால் என்னையும் யாராவது அடிக்கலாம். ஆனால் என்னை அடிக்க அவருக்குத் தகுதியில்லை.

கிருஷ்ணகிரி தாண்டியதும் அவர் பேச்சுக் கொடுத்தார். ஓட்ட ஓட்டத் தோள் வலிக்கிறது, ஐந்து நிமிடம் நிறுத்தட்டுமா என்றார். லீவரை மடியில் திருப்பி வைத்தேன். அவர் நிறுத்தவில்லை. தொப்பூர் வளைவில் மேடம் வாந்தி எடுத்தார். ஜன்னலுக்கு வெளியே எட்டி எடுத்தார். திம்முவின் தலை அசையாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டே எடுத்தார். திம்மு கண்ணைத் திறக்கவில்லை. அவன் மூச்சு மட்டும் கரகரவென்று கேட்டது. அது நின்றுவிடுமோ என்று நான் ரேடியோவில் செய்தி கேட்கிறவள்போல உற்றுக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

இருட்டுகிற நேரத்தில் சேலம் ஆஸ்பத்திரிக்குள் வண்டி நுழைந்தது. திம்முவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் நான் முதலில் செய்த காரியம், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தொங்கிய சாவியை உருவிக்கொண்டதுதான்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். தலையைப் பற்றின பயம் குறைந்திருக்கிறது, உயிருக்கு மோசமில்லை என்றார். வலது கையில் மூன்று விரலை எடுத்தாகிவிட்டது. மீதியைக் காலையில் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாராம். கறுப்பு மேலே ஏறியிருந்தால் வேலூருக்குக் கொண்டுபோகவேண்டும், இங்கே வசதியில்லை என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேனேஜர் இதைக் கேட்டுக்கொண்டு எழுந்தார். நொண்டிக்கொண்டு என் எதிரே வந்து நின்றார். அவர் பங்குக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டாராம். மேடத்துக்கு ரூம் பார்க்கவேண்டுமாம். விடிந்தால் மதுரையில் இருக்கவேண்டுமாம். அடித்ததைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டாராம். வலது கையை நீட்டினார்.

அந்தக் கையைப் பார்த்தேன். ஐந்து விரலும் இருந்தன. மோதிரம்கூட இருந்தது.

"சாவி என்கிட்டயே இருக்கட்டுங் சார்" என்றேன். "காலைல வேலூர் போகவேண்டி வந்தாலும் வரும். நீங்கதான் ஓட்டணும்."

அவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் புடவையில் திம்முவின் ரத்தத்தோடு பெஞ்சில் நகர்ந்து, அவருக்கு உட்கார இடம் விட்டார்.